ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கும் துப்பாக்கி

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கில் இருந்தவர்களுக்கு அந்த மழையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. விடிய விடியக் காற்றும் மழையுமாக அடித்து, தீவிலும் எதிர்க்கரையான செபராங் பிறையிலும் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நாங்கள் குளுகோரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் 11ஆவது மாடியில் இருக்கிறோம். வெள்ளம் எங்களை எட்டவில்லை. ஆனால் கொடிமலையைப் பார்த்திருக்கும் அம்மாவின் அறை ஜன்னல் அன்று அழுத அழுகை இன்னும் கண்ணில் நிற்கிறது. கீழ்ச் சட்டத்தின் ஓரமெல்லாம் தண்ணீர் கசிந்து, சுவரோடு வழிந்து, கட்டிலின் தலைமாட்டை நனைத்தது. குளியல் துண்டு, பழைய கைலி, கடைசியில் மேசை விரிப்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வைத்து ஒற்றி, நானும் அம்மாவும் மாறி மாறிப் பிழிந்துகொண்டிருந்தோம்.

அடுத்த மாதம் ஒரு குத்தகையாளரை வரவழைத்தோம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. இடைவெளியை அடைத்திருந்த பழைய சிலிக்கோன் பசை மேலேயே புதிய சிலிக்கோனை அப்பி, விரலால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, 150 ரிங்கிட் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஏப்ரலில் விடியற்காலைச் 'சுமத்ரா' வந்தது. மலாக்கா நீரிணையைக் கடந்து வந்து அரை மணி, ஒரு மணி நேரம் அடித்துவிட்டுப் போகும் அந்தக் காற்றுமழைக்கு இங்கே அதுதான் பெயர். முன்பு வந்ததைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் உள்ளே வந்தது. அப்போதுதான் அம்மா பட்டர்வொர்த்தில் இருக்கும் தன் தம்பிக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

மாமா முப்பது ஆண்டுகள் அலுமினிய ஜன்னல் பொருத்தும் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமை காலை பெர்ரியில் வந்து இறங்கினார். தேநீர்கூடக் குடிக்காமல் ஜன்னலுக்குப் போய், கண்ணாடிக் கதவைத் தள்ளிவிட்டு, கீழ்த் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கையை வெளியே நீட்டி, சட்டத்தின் வெளிப்புறத்தைத் தடவினார்.

"அக்கா, இந்த ஜன்னலுக்கு மூக்கை அடைத்துவிட்டுப் போயிருக்கிறான்" என்றார்.

தள்ளித் திறக்கும் அலுமினிய ஜன்னலின் கீழ்த் தடத்துக்குள் மழைத் தண்ணீர் வருவது இயல்பு. அது வெளியே ஓடுவதற்காகவே சட்டத்தின் வெளிப்பக்கம், அடியில், நீளவாட்டில் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். எங்கள் ஜன்னலில் அப்படி இரண்டு. அந்த இரண்டையும் விரிசல் என்று நினைத்தோ, நினைக்காமலோ, அந்தக் குத்தகையாளர் சிலிக்கோனால் மூடியிருந்தார். தடம் தொட்டிபோல நிரம்பி, உள்பக்கம் வழிந்திருக்கிறது. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே இருந்த உண்மையான இடைவெளியோ அப்படியே இருந்தது, மேலே ஒரு தோல் மட்டும் ஒட்டியிருந்தது. மாமா அதன் நுனியைக் கிள்ளி இழுத்தார். வாழைப்பழத் தோல் உரிவதுபோல ஒரு முழ நீளம் கையோடு வந்தது. இறுகிய பழைய சிலிக்கோன் மேல் புதிய சிலிக்கோன் ஒட்டாது. இந்த ஒரு வரியை மட்டும் அறிந்திருந்தால் அந்த 150 ரிங்கிட் எங்களிடமே இருந்திருக்கும்.

"நான் செய்து கொடுத்துவிட்டுப் போவது பெரிய காரியமில்லை, கண்ணு. உன் வீட்டில் இன்னும் நான்கு ஜன்னல் இருக்கிறது, குளியலறை இருக்கிறது, சமையலறைத் தொட்டி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் பெர்ரி ஏறி வர வேண்டுமா? நீயே செய். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றார்.

நான் சரி என்று சொல்லிவிட்டு, முந்தைய ஆண்டு குளியலறை ஓரத்துக்காக வாங்கி வைத்திருந்த, பசையைப் பிதுக்கும் துப்பாக்கியை எடுத்து வந்தேன். எட்டு ரிங்கிட்டுக்கு வாங்கியது. ஹார்ட்வேர் கடைகளில் வாசலிலேயே கொத்தாகத் தொங்குமே, சிவப்பு வண்ணம் பூசிய மெல்லிய இரும்புச் சட்டம், பின்னால் பல் பல்லாக ஒரு தண்டு, அதுதான். கடையில் எல்லாரும் அதைச் சிலிக்கோன் கன் என்றுதான் கேட்பார்கள், உள்ளே போகும் பசை எதுவாக இருந்தாலும். மாமா அதை வாங்கி, பசை டியூப் எதுவும் போடாமலேயே விசையை இரண்டு முறை அழுத்தினார். சட்டத்தின் இரு முனைகளையும் பிடித்து இலேசாக முறுக்கினார். அது முறுகியது.

"இதைக் கொண்டு கோடு போட வராது. கோலம் வேண்டுமானால் போடலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். நாங்கள் ஜெலுத்தோங்கில் அவருக்குப் பழக்கமான கடைக்குப் போனோம்.

*

அந்தக் கடையில் நாங்கள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருந்தோம். கடை முதலாளியான தவுக்கே முகம் சுளிக்கவில்லை. மாமா அங்கே கற்றுக்கொடுத்ததைத்தான் இந்தக் கட்டுரையில் முதன்மையாக எழுத நினைத்தேன். பசையைப் பற்றிக் கேட்டால் கடையில் யாரும் சொல்வார்கள், டியூப்பிலேயே அச்சடித்தும் இருக்கும். துப்பாக்கியைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. முப்பது ரிங்கிட் கொடுத்து நல்ல பசை வாங்குகிறவர்கள்கூட, அதைத் தள்ளும் கருவியில் மட்டும் இருப்பதிலேயே மலிவானதைக் கையில் எடுக்கிறார்கள்.

முதலில் தண்டு. பல் வைத்த தண்டு, வழவழப்பான தண்டு என்று இரண்டு வகை. பல் தண்டுத் துப்பாக்கியில், விசையை அழுத்தும்போது ஒரு கொக்கி பல்லில் மாட்டித் தள்ளும். விசையை விட்டாலும் பல் அங்கேயே மாட்டியிருக்கும், அழுத்தம் குறையாது. நிறுத்த வேண்டுமென்றால் பின்னால் கையைக் கொண்டுபோய்த் தண்டைப் பாதிச் சுற்று திருப்பி, பல்லைக் கொக்கியிலிருந்து விடுவிக்க வேண்டும். அதற்குள் டியூப்பின் முனையில் இருக்கும் மூக்கிலிருந்து பசை வழிந்து தரையில் குவிந்துவிடும்.

வழவழப்பான தண்டில் பல் இல்லை. தண்டு நுழையும் அளவுக்கு ஓட்டை போட்ட ஒரு தகடு இருக்கிறது. விசையை அழுத்தும்போது அந்தத் தகடு சாய்ந்து, ஓட்டையின் விளிம்பால் தண்டைக் கவ்விக்கொண்டு முன்னே தள்ளுகிறது. பின்னால் இன்னொரு தகடு, கட்டைவிரலால் அழுத்தும் நாக்கோடு, தண்டு பின்னே வராமல் பிடித்துக்கொள்கிறது. கட்டைவிரலால் நாக்கை அழுத்தினால் தகடு நிமிர்ந்து பிடியை விட்டுவிடும். முழுக்க முழுக்க உராய்வால் நடக்கிற வேலை. அதனால்தான் நான் தண்டுக்கு எண்ணெய் விடுவதில்லை. விசை சுழலும் ஆணிக்கு மட்டும் ஒரு சொட்டு.

இதில் இன்னும் ஒரு படி மேலான வகை இருக்கிறது. பெட்டியில் 'சொட்டாதது' என்ற பொருளில் எழுதியிருப்பார்கள். விசையை விட்டவுடன் தண்டு தானாகவே ஒரு துளி பின்வாங்கும். கட்டைவிரல் தேவையில்லை. மாமா ஒரு துப்பாக்கியை எடுத்து, காலி டியூப் ஒன்றைத் தவுக்கேயிடம் கேட்டு வாங்கி உள்ளே வைத்து, என் கண்ணுக்கு நேராகப் பிடித்து அழுத்தினார். விட்டார். தண்டின் முனையில் இருந்த வட்டத் தகடு, டியூப்பின் அடியிலிருந்து மெல்ல விலகியது. ஒரு மில்லிமீட்டர் இருக்கும், கொஞ்சம் கூடவும் இருக்கலாம்.

"இதற்குத்தான் காசு" என்றார்.

ஒரு மில்லிமீட்டருக்கா இவ்வளவு என்று அப்போது எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. 300 மில்லிலிட்டர் டியூப்பின் உள்விட்டம் ஏறத்தாழ 46 மில்லிமீட்டர். உள்ளே அடித்தட்டு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒன்றரை மில்லிலிட்டருக்கும் மேலே பசை வெளியேற வேண்டும். 6 மில்லிமீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள இடைவெளியில் அது நாலரை சென்டிமீட்டர் நீளத்தை நிரப்பும். உள்ளே ஒன்று, வெளியே நாற்பத்தைந்து. இதற்கு மேல் டியூப்பின் பிளாஸ்டிக் அழுத்தத்தில் உப்பியிருக்கும், துப்பாக்கியின் சட்டம் வளைந்திருக்கும், பசைக்குள் இருக்கும் காற்றுக்குமிழிகள் நசுங்கியிருக்கும். கை விட்ட பிறகும் இவை எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்போது பசையைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கல் இத்தனையையும் ஆற்றிவிடுகிறது.

குளியலறை ஓரத்தில் நான் முன்பு போட்ட கோடு ஏன் மூலைக்கு மூலை கட்டிகட்டியாக இருந்தது என்பதற்கு விடை அன்று கிடைத்தது. கை நடுங்கியதால் வந்த கட்டிகள் என்றே ஓர் ஆண்டாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

அடுத்து மாமா பேசியது பலத்தைப் பற்றி. நல்ல துப்பாக்கிகளின் அட்டையில் 7:1, 12:1, 18:1, 26:1 என்று ஏதாவது ஒரு விகிதம் அச்சடித்திருக்கும். விசையில் நாம் கொடுக்கும் அழுத்தம் தண்டின் முனையில் எத்தனை மடங்காகப் போய்ச் சேருகிறது என்பதே அது. 18:1 என்றால், கையில் 10 கிலோ அழுத்தம் கொடுத்தால் டியூப்பின் அடியில் 180 கிலோ. உராய்வில் போவது போக.

எங்கள் பாட்டியிடம் ஒரு பாக்குவெட்டி இருந்தது. பித்தளைப் பிடி, இரும்பு அலகு. கொட்டைப் பாக்கை அலகின் நுனியில் வைத்து நான் எவ்வளவு அழுத்தினாலும் வெட்டுப்படாது. பாட்டி அதை எடுத்து ஆணிக்குப் பக்கத்தில் தள்ளி வைப்பார். இரண்டு விரலால் ஒரு நெருக்கு, பாக்கு இரண்டாகும். சிலிக்கோன் துப்பாக்கியிலும் சங்கதி அதேதான். விசை சுழலும் ஆணிக்கும் தண்டைக் கவ்வும் தகட்டுக்கும் இடையில் உள்ள தூரம் எவ்வளவு குறைகிறதோ, பலம் அவ்வளவு கூடும். விகிதம் அச்சிடாத துப்பாக்கியைக் கையில் எடுத்தால் மாமா முதலில் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான். பாக்கின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட ஊரில் இதைப் புரியவைக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. மலாயில் பினாங் என்றால் பாக்குதான்.

அப்படியானால் பெரிய விகிதமாகப் பார்த்து வாங்கிவிடலாமே என்று கேட்டேன். மாமா தலையை ஆட்டினார். பலம் கூடினால் நகர்வு குறையும். விரல் 6 சென்டிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், 12:1 துப்பாக்கியில் தண்டு 5 மில்லிமீட்டர் முன்னேறும். 18:1 துப்பாக்கியில் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. எங்கள் ஜன்னலின் சுற்றளவு 4.8 மீட்டர். நான் மேலே சொன்ன 6 மில்லிமீட்டர் கோட்டுக்கு முதலாவதில் 21 அழுத்தம், இரண்டாவதில் 31 அழுத்தம் வேண்டும். ஒவ்வொரு அழுத்தம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்திலும் கோட்டில் ஒரு கணு விழும். கணு குறைந்தால் கோடு அழகாக வரும். சிலிக்கோனும் அக்ரிலிக்கும் இளக்கமானவை, அவற்றுக்கு 12:1 தாராளம். கெட்டியான பாலியூரித்தேன், மரச்சட்டம் ஒட்டும் கட்டுமானப் பசை போன்றவற்றுக்கு 18 தேவை. அதற்கு மேலே உள்ளவை இரண்டு பொருள் கலந்து வரும் எப்பாக்சி போன்ற முரட்டுச் சரக்குகளுக்கு.

அம்மாவுக்கு இதையெல்லாம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "முறுக்கு மாவு கெட்டியாகிவிட்டால் அச்சை மாற்றுவதில்லையா, அது மாதிரிதானே" என்றார். ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கு பிழிந்து பிழிந்து மணிக்கட்டு வலி கண்ட கை அது. நான் அரைப் பக்கம் கணக்குப் போட்டு அறிந்ததை அவர் மாவிலேயே அறிந்திருக்கிறார்.

உடலமைப்பில் மூன்று வகை பார்த்தோம். வெறும் கம்பிக்கூடு. அடியில் அரைக்குழாய்போல இரும்பு அல்லது அலுமினியத் தொட்டில் வைத்தது. முழுக் குழாயாக மூடியது. மூன்றாவது, 400, 600 மில்லிலிட்டர் அளவில் படலத்தில் பொதிந்து வரும் பசைக்கானது. உயரமான கட்டடங்களில் கண்ணாடிச் சுவர் வேலை செய்பவர்கள் பயன்படுத்துவார்கள், வீட்டுக்கு வேண்டாம். முதலிரண்டில் நான் தொட்டில் வகையையே சொல்வேன். கம்பிக்கூடு வளைந்தால் தண்டு சாயும். தண்டு சாய்ந்தால் முனையில் உள்ள வட்டத் தகடு டியூப்பின் அடித்தட்டை ஓரமாகத் தள்ளும். அடித்தட்டு புரண்டு, பசை பின்பக்கமாகப் பிதுங்கித் தண்டெல்லாம் அப்பிக்கொள்ளும். ஒரு முறை அப்படி ஆனால் அந்தத் துப்பாக்கியைச் சுத்தம் செய்வதற்குப் புதிதாகவே வாங்கிவிடலாம்.

ஒரு சங்கதியை மாமா சொல்லவில்லை, நான் சேர்க்கிறேன். விசைக்கும் பிடிக்கும் இடையிலான அகலம் உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே பிடித்துப் பாருங்கள். இந்தக் கருவிகள் பெரும்பாலும் பெரிய கைகளுக்காகச் செய்யப்பட்டவை. என் கை சிறியது. மாமா முதலில் தேர்ந்தெடுத்த துப்பாக்கியில் என் விரல்களின் நுனி மட்டுமே விசையைத் தொட்டன. நுனி விரலால் 21 முறை அழுத்த முடியாது. விரலின் முதல் மடிப்பாவது விசையில் படிய வேண்டும். தவுக்கே உள்ளே போய்த் தேடி, பிடி குறுகலான ஒன்றைக் கொண்டுவந்தார். தொட்டில் வகை, வழவழப்பான தண்டு, 12:1, தானாகப் பின்வாங்குவது, பிடியில் மூக்கு வெட்டும் ஓட்டை, பக்கவாட்டில் மடித்து வைக்கும் ஊசி. 48 ரிங்கிட். ஏழு ஆண்டுக்கும் மேலாகிறது, இன்னும் அதுதான்.

*

பசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திறந்தவுடன் காடி வாடை அடிக்கும் சிலிக்கோன் அசிட்டிக் வகை. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதிலிருந்து வெளியாகும் அமிலம் சிமெண்ட்டோடும் பளிங்கோடும் ஒத்துப்போகாது, துத்தநாகம் பூசிய தகட்டையும் செம்பையும் அரிக்கும். சிமெண்ட் சுவரைத் தொடும் ஜன்னல் சட்டத்துக்கு நியூட்ரல் என்று எழுதியதை வாங்க வேண்டும். குளியலறைக்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த வகை. மேலே வண்ணம் பூச வேண்டிய இடத்தில் சிலிக்கோன் வேண்டாம், அதன் மேல் வண்ணம் நிற்காது, அக்ரிலிக் போதும். தீபாவளிக்கு வீட்டுக்கு வண்ணம் அடிக்கும் முன் சுவர் விரிசல்களில் சிலிக்கோனைத் தடவிவிட்டு, பிறகு வண்ணம் திட்டுத்திட்டாக விலகி நிற்பதைப் பார்த்து வருந்திய வீடுகள் எங்கள் மாடியிலேயே இரண்டு உண்டு.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அம்மாவின் அறையில் சுவரோடு ஒட்டிய நிலைக்கண்ணாடியின் பின்னால் கரும்புள்ளிகள் பூத்துப் படர்ந்திருந்தன. ஈரம் என்று எண்ணியிருந்தோம். மாமா பார்த்துவிட்டு, அசிட்டிக் சிலிக்கோனால் ஒட்டியிருக்கிறார்கள், அமிலம் பின்பூச்சைத் தின்றுவிட்டது என்றார். புள்ளிகள் சிலிக்கோன் குவித்த ஐந்து இடங்களில்தான் இருந்தன.

வாங்கும்போது டியூப்பின் அடியில் உள்ள காலாவதித் தேதியைப் பாருங்கள். கடை வாசலில் வெயில் படும்படி அடுக்கியிருந்தால், உள்ளே இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

*

இனி ஜன்னல்.

பழைய சிலிக்கோனை எடுப்பதற்கே இரண்டு மணி நேரம் ஆனது. கோடு போட்ட நேரம் பத்து நிமிடம்கூட இல்லை. மாமா நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கத்தியால் அறுத்து, சுரண்டி, விரல் நகத்தால் தேய்த்துப் பார்த்து, வழுக்கினால் மறுபடியும் சுரண்டினேன். பிறகு துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்து, வேறொரு காய்ந்த துணியால் உடனே ஒற்றினேன். அடைபட்டிருந்த இரண்டு துளைகளையும் பழைய பின்னல் ஊசி ஒன்றால் குத்தித் திறந்தபோது, தடத்தில் தேங்கியிருந்த அழுக்குத் தண்ணீர் கொப்பளித்து வெளியே ஓடியது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இடைவெளி சில இடங்களில் 10 மில்லிமீட்டருக்கும் மேலே இருந்தது. அங்கே நேராகப் பசையைத் திணிக்கக் கூடாது. பஞ்சுபோன்ற நுரைக் கயிறு ஒன்று விற்கிறார்கள், அதை உள்ளே அழுத்தி வைத்து, அதன் மேல் பசை போட வேண்டும். பசை இரண்டு பக்கச் சுவரை மட்டும் பிடித்திருந்தால், வெயிலில் சட்டம் விரிந்து சுருங்கும்போது இழுபட்டுக் கொடுக்கும். அடியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் கிழியும். ஆழம் அகலத்தில் பாதி இருந்தால் போதும் என்பது மாமாவின் கணக்கு.

இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். மூக்கை 45 பாகைச் சரிவில் வெட்டினேன். "சின்னதாக வெட்டு. பெரிதாக்கலாம், சின்னதாக்க முடியாது" என்றார். மூக்கைக் கழற்றி, டியூப்பின் கழுத்தில் இருந்த உள்மூடியை ஊசியால் குத்தினேன். ஒரே குத்து. மாமா, "சுற்றிக் குத்து, வாயை நன்றாகத் திற" என்றார். ஊசி போன ஓட்டை வழியாகவே பசை வர வேண்டியிருந்தால் எந்த விகிதத் துப்பாக்கியும் முக்கும், கை வலிக்கும், சட்டம் வளையும், குற்றம் துப்பாக்கி மேல் விழும்.

முதல் கோட்டை ஒரு பழைய செய்தித்தாளில் போடச் சொன்னார். மூக்கில் இருக்கும் காற்று 'டப்' என்று வெளியேறி, பிறகுதான் பசை சீராக வந்தது. செய்தித்தாளில் ஒரு சாண், விசையை விடு, நிற்கிறதா பார். நின்றது. ஓர் இழை நீண்டு அறுந்தது, அதன் பிறகு ஒரு துளிகூட வரவில்லை. மறுபடியும் ஒரு சாண். அப்படி எட்டு, பத்து கோடு போட்ட பிறகுதான் என்னைச் சுவருக்கு அனுப்பினார்.

மூக்கை முன்னே தள்ளிக்கொண்டு போவதா, பின்னே இழுத்துக்கொண்டு வருவதா என்று இதில் இரண்டு கட்சி இருக்கிறது. மாமா தள்ளும் கட்சி. தள்ளினால் பசை இடைவெளிக்குள் இறங்கும் என்பார். நான் இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். ஜன்னல் ஓரம்போல ஆழமான இடத்தில் அவர் சொல்வதே சரி. தொட்டிக்கும் பீங்கானுக்கும் இடையே உள்ள மெல்லிய மூலையில் இழுப்பதுதான் எனக்குச் சுத்தமாக வருகிறது.

தையல் இயந்திரம் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலை சீக்கிரம் பிடிபடும். காலும் கையும் ஒன்றையொன்று கேட்டு நடப்பதுபோல, விசை நெருங்கும் வேகமும் கை நகரும் வேகமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும். கை முந்தினால் கோடு மெலியும், விசை முந்தினால் தடிக்கும். விசை முடியப் போவது விரலுக்குத் தெரியும், அதற்கு ஒரு நொடி முன்னே கையை நிறுத்தி, விட்டு, புதிதாக நெருக்கித் தொடங்க வேண்டும். மூன்றாவது பக்கத்துக்கு வந்தபோது நான் எண்ணுவதை நிறுத்தியிருந்தேன். வலது முன்கை கொதித்தது. ஆனால் கோடு நேராக வந்துகொண்டிருந்தது.

முடித்தவுடன் சிறு பிளாஸ்டிக் கரண்டியின் முதுகால் ஒரே இழுப்பில் அழுத்திவிட்டு, டேப்பை அப்போதே உரித்தேன். அப்போதே என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்த வகைப் பசை காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகுகிறது. எங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, தோல் கட்டுவதற்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. தோல் கட்டிய பிறகு டேப்பை உரித்தால் கோட்டின் ஓரமும் சேர்ந்து பிய்ந்து வரும். உள்ளே இறுகுவது வேறு கணக்கு, ஒரு நாளுக்கு 2, 3 மில்லிமீட்டர் ஆழம்தான். மூன்று நாள் அந்த ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மாமா கிளம்பினார். மாலை பெர்ரி.

போகும்போது மீதியிருந்த டியூப்பைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி, மூக்கின் வெளியே ஒரு விரற்கடை பசையைப் பிதுக்கிவிட்டு, அப்படியே நிறுத்தி வைத்தார். அது இறுகி மூடியாகிவிடும், அடுத்த முறை இழுத்தால் தக்கைபோல வரும் என்றார். நாள் கணக்கில் வைத்திருந்தால் வரும். மாதக் கணக்கானால் மூக்கு முழுவதும் கல்லாகிவிடும் என்பதை நான் பிறகு அறிந்தேன், மூக்கை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ளலாம். துப்பாக்கியில் ஒட்டியிருந்த பசையைக் காய்ந்த துணியால் அப்போதே துடைத்துவிட்டார். ஈரத்துணி எடுத்துக் கொடுத்த அம்மாவிடம், வேண்டாம் அக்கா என்றார்.

*

அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு விடியற்காலை, பால்கனிக் கொடியில் துணிகள் படபடக்கும் சத்தத்தில் விழித்தேன். சுமத்ரா. அம்மா எனக்கு முன்பே எழுந்து, விளக்கைப் போட்டு, ஜன்னல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மடித்து வைத்த துண்டு ஒன்று. கண்ணாடியில் மழை அறைந்தது. கீழ்த் தடத்தில் தண்ணீர் ஏறியது, கால் விரற்கடை, அரை விரற்கடை. பிறகு ஏறவில்லை. கண்ணாடியோடு கன்னத்தை வைத்துப் பார்த்தால், வெளியே சட்டத்தின் அடியில் இரண்டு துளைகளிலிருந்தும் இரண்டு மெல்லிய தாரைகள் விழுந்துகொண்டிருந்தன. அம்மா சுவரோரத்தை உள்ளங்கையால் தடவினார், மேலிருந்து கீழாக, பிறகு கீழ் ஓரம் முழுக்க. கையைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்.

"அந்தத் துப்பாக்கியை எங்கே வைத்தாய்?" என்று கேட்டார். "சமையலறைத் தொட்டி ஓரத்தை நான் போட்டுப் பார்க்கிறேன்."